மெழுகில் முக்கின கிழங்கு

அந்தப் பட்டறையில் பிடிக்காதது என்னென்ன என்று சித்தியிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் விடிய விடியச் சொல்வாள். பிடித்தது என்ன என்று கேட்டால் மட்டும் பேச்சு சட்டென்று முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டு மணி. அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்கைப் பிடிப்பது மெழுகு வாடை. சுத்தமான மெழுகானால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இது சாயம் கலந்து மினுமினுப்புத் தூள் கொட்டிய மெழுகு. நேற்று மிஞ்சியதை இன்று காய்ச்சுவார்கள், இன்று மிஞ்சுவதை நாளை காய்ச்சுவார்கள். மேலே கிழங்குத் தோலும் மண்ணும் செத்த பூச்சியும் ஆடையாக மிதக்கும். அதை ஒரு கரண்டியால் ஒதுக்கிவிட்டு, அதே கரண்டியால் தன் முதுகைச் சொறிந்துகொள்வார் சாயக்காரர். மெழுகில் முக்குவதுதான் அவர் வேலை. அவர் சொறிவதைப் பார்த்த நாளிலிருந்து சித்தி பட்டறையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

அங்கே நடக்கிற தொழில் இன்னும் கேவலம். ஹயசிந்த் என்று ஒரு செடி இருக்கிறது. அதன் கிழங்கைப் பார்த்தால் வெங்காயத்துக்குச் சித்தப்பா மகள் மாதிரி இருக்கும். குளிர்காலம் பூராவும் மண்ணுக்குள் கிடக்கும். வசந்தம் எட்டிப்பார்க்கும்போது நடுவிலிருந்து ஒரு தண்டு விட்டு, அதைச் சுற்றிக் கொத்தாகப் பூக்கும். வாசனை தெருவைத் தூக்கும். பூ உதிர்ந்த பிறகு இலையை வெட்டாமல், தானாகப் பழுத்து விழும்வரை விட்டுவைத்தால் கிழங்கு மறுபடி ஊறிக்கொள்ளும், அடுத்த வசந்தத்திலும் பூக்கும். ஒரு செடிக்கு இதைவிட என்ன பிழைப்பு வேண்டும்?

சித்தியின் அக்கா மகன் கண்டுபிடித்த பிழைப்பு வேறு. கிழங்குகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் குளிர் அறையில் போடுவான். மண்ணுக்குள் கிடப்பதாக அவை ஏமாந்துபோய் மொட்டு வைத்ததும் வெளியே எடுப்பான். அடியில் வட்டமாக ஒரு கெட்டித் தட்டு இருக்கும், அதிலிருந்துதான் வேர் இறங்கும். அந்த வேரைச் சீவித் தள்ளிவிட்டு, தட்டில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கீறல் போட வேண்டும். பிறகு சிவப்பு மெழுகில் ஒரு முக்கு. மெழுகு காய்ந்ததும் அடியில் கீறல் வழியாகக் கம்பிச் சுருள் ஒன்றைச் செருகினால் கிழங்கு மேஜைமேல் நிமிர்ந்து நிற்கும். தன் உடம்புக்குள் இருக்கிற சத்தைத் தானே தின்று ஒரே ஒரு தடவை பூக்கும். அப்புறம் சாகும். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பான்: "தண்ணீர் வேண்டாம். மண் வேண்டாம். கவனிப்பே வேண்டாம்."

"அப்படின்னா அது செடி இல்லடா. பூ வச்ச பொணம்" என்றாள் சித்தி, அந்தப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தபோது.

"சித்தி, ஜனங்க கேக்குறத குடுக்குறதுதான் வியாபாரம்."

"ஜனங்க வெஷத்தக் கேட்டா?"

"அதுக்கும் ஒரு பொட்டி அடிப்போம்" என்று சிரித்தான் அவன்.

அவனை வளர்த்தவள் சித்திதான். அக்கா போய்ச் சேர்ந்தபோது அவன் அரை டவுசர் பையன். சித்திக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. ஊட்டி விட்டவள், மூக்குச் சிந்தி விட்டவள், பட்டறை ஆரம்பித்ததும் 'கத்தி பிடிக்க ஆள் இல்ல சித்தி' என்று அவன் வந்து நின்றபோது முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவன் கூப்பிடுகிற முறையைப் பார்த்துப் பட்டறையில் எல்லோருக்குமே அவள் சித்தி ஆனாள்.

வேரைச் சீவுவதும் கீறல் போடுவதும் அவள் வேலை. வெள்ளை வெளேரென்று, பால்பல் மாதிரி, அப்போதுதான் எட்டிப்பார்க்கிற வேர்கள். அவற்றைச் சரக்கென்று சீவும்போது ஒரு பிசின் கையெல்லாம் வழியும். கையுறையையும் மீறி அது அரிக்கும். இரவு சாப்பிட உட்கார்ந்தால் விரல் இடுக்கில் அந்த வாடை இருக்கும், சோறு இறங்காது. ஆகவே சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். வெட்டுகிறதைப் பார்க்கவே கூடாது. எதிர்ச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. முகத்தைத் திருப்பி அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு, இடது கை எடுத்துக் கொடுக்க வலது கை வெட்டும். ஒரு சீவு, இரண்டு கீறல், அடுத்தது. கைக்குப் பழகிவிட்டது.

"சித்தி தூங்கிக்கிட்டே வெட்டுவாங்க" என்பார் சாயக்காரர்.

"ஒங்க மூஞ்சியப் பார்க்குறதுக்கு அந்த செவுத்தப் பார்க்கலாம்" என்பாள் சித்தி.

இவ்வளவு அருவருப்போடு அந்த வேலையைச் செய்தவளுக்கு வீட்டில் ஒரு ரகசிய ஆசை இருந்தது. ரகசியம் என்ன ரகசியம், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எதிர்வீட்டுக்காரியின் தொட்டியில் ஒரு வெள்ளை ஹயசிந்த். இவள் தொட்டியில் கறுப்புக்குப் பக்கத்தில் போகிற ஊதா. ஒரு வசந்தத்தில், புருஷன் காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்து, இதன் மகரந்தத்தை அதில் தடவி இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தாள். விதை பிடித்தது. விதையிலிருந்து வந்த செடி முதல் வருஷம் புல் மாதிரி ஒற்றை இலை விட்டது. அடுத்த வருஷமும் புல்தான். ஹயசிந்த் விதையைப் போட்டவன் பூவைப் பார்க்க ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும். பட்டறைக்காரனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சித்திக்கு இருந்தது.

"விடிகாலை வானம் இருக்குல்ல, அந்தக் கலர்ல வரும் பாருங்க" என்பாள் புருஷனிடம்.

"பொறக்காத புள்ளைக்குப் பேரு வச்சாச்சு" என்பார் அவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். அவருக்குத் தெரிந்த கலர் சிவப்பு, பச்சை, மஞ்சள், அவ்வளவுதான்.

போன வருஷம் பேய்மழை பிடித்துத் தொட்டியெல்லாம் ஊறிப்போனது. விதையிலிருந்து வளர்ந்த கிழங்குகளைத் தோண்டி எடுத்தாள். ஒன்றை விரலால் அழுத்தினால் விரல் பொசுக்கென்று உள்ளே போனது, சீழ் மாதிரி ஒரு தண்ணீர் வழிந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். பக்கத்தில் நின்ற புருஷன் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். ஒவ்வொன்றாக அழுத்தினாள், ஒவ்வொன்றும் பொசுக்கென்று அமுங்கியது. சிலதில் புழு நெளிந்தது. அத்தனையையும் கிளறி, கடைசியில் கல் மாதிரி கெட்டியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அழுக்கு வெள்ளையில் லேசாகப் பச்சை ஓடிய தோல். அதைக் கழுவி, துடைத்து, மார்போடு வைத்துக்கொண்டாள். பெற்றவள்கூட அப்படி வைத்துக்கொள்ள மாட்டாள். இந்த வசந்தம்தான் அது முதன்முதலாகப் பூக்க வேண்டிய வசந்தம்.

இனி மழையை நம்பி வெளியே விட முடியாது. வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்றால், அதில் புருஷனின் பழக்கடை. ஆப்பிள், வாழைப்பழம், பேரிக்காய், எல்லாம் தோல் கறுத்து, அடியில் தண்ணீர் விட்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பழுத்த பழம் விடுகிற மூச்சுக் காற்று பட்டால் கிழங்குக்குள் இருக்கிற மொட்டு கருகிவிடும். பட்டறையில் அது எல்லோருக்கும் தெரியும், குளிர் அறைக்குள் ஆப்பிள் கொண்டுபோனவனை அக்கா மகன் அடிக்கவே போயிருக்கிறான். ஆகவே சித்தி தன் கிழங்கை ஒரு பழைய தேயிலை டப்பாவில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, பட்டறைக் குளிர் அறையின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"இது என்னோடது. எவனாவது தொட்டான், தொட்ட கை வெந்துபோகும்."

"ஐயோ சித்தி, ஒங்க கெழங்க யாரு தொடப்போறா? அது என் தம்பி மாதிரி" என்றான் அக்கா மகன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஆண்டு விழாவாம், மேஜைக்கு ஒரு மெழுகுக் கிழங்கு, மொத்தம் முன்னூறு, அத்தனையும் ரோஜா நிறத்தில் பூக்க வேண்டும். பட்டறை அல்லோலகல்லோலப்பட்டது. சித்தி சுவர் விரிசலைப் பார்த்தபடி வெட்டினாள், வெட்டினாள், மணிக்கட்டு விட்டுப்போகும்வரை வெட்டினாள். கடைசிக் கூடையும் காலியானது. வண்டி போய்விட்டது.

மறுநாள் காலை தன் கிழங்கைப் பார்க்கக் குளிர் அறைக்குப் போனாள். மேல்தட்டில் டப்பா இல்லை. கீழே, கதவு மூலையில் கிடந்தது. உள்ளே பார்த்தாள். நாலு பீடித் துண்டு, கொஞ்சம் வெற்றிலை எச்சில். கிழங்கு இல்லை.

சித்தி போட்ட சத்தத்தில் மெழுகுச் சட்டியே ஆடியிருக்கும். அக்கா மகன் ஓடிவந்தான். முதலில் எனக்குத் தெரியாது என்றான். அப்புறம் சாயக்காரரைப் பார்த்தான். சாயக்காரர் தன் கரண்டியைப் பார்த்தார்.

"ஒண்ணு கொறைஞ்சுது சித்தி" என்றான் கடைசியில். "ஒரு கெழங்கு அழுகியிருந்துச்சு. முன்னூறு குடுக்கணும், கையில இருந்தது ஒண்ணு கம்மி. வண்டி வெளிய ஹாரன் அடிக்கிறான். என்ன பண்ணச் சொல்றீங்க? ஒரே ஒரு வெங்காயம்தானே, வேற வாங்கித் தர்றேன்."

"எங்கடா வாங்குவ? எந்தக் கடைல வாங்குவ? சொல்லு, எந்தக் கடைல விக்குது?"

"கத்தாதீங்க சித்தி. ஆளுங்க பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்! வேலியே பயிர மேஞ்ச கதைய அவங்களும் பார்க்கட்டும்! ஒனக்குச் சோறு போட்ட கைடா இது!"

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. வளர்த்தவளின் வாய் அவனுக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்காதா? "நான் கூடைல போட்டேன், ஒத்துக்கறேன். ஆனா வெட்டினது யாரு? நீங்கதானே? ஒங்க கைக்குத்தானே வந்துச்சு? அவ்வளவு உசுரா இருந்தா பார்த்து வெட்டியிருக்கலாமே!"

மற்ற கிழங்குகளின் தோல் வெங்காயச் சிவப்பு. அவளுடையது அழுக்கு வெள்ளை. ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டு, தன் கையாலேயே, ஒரு சீவு, இரண்டு கீறல். தன் கையை அவள் பார்த்தாள். அதை யாரோ கழற்றிப்போட்ட கையுறையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்போது வந்த அருவருப்பு மெழுகு வாடையிலும் வரவில்லை, புழு நெளிந்தபோதும் வரவில்லை.

இனி என்ன செய்வது? முன்னூறு கிழங்கும் ஒரே சிவப்பு மெழுகில் மூடிக்கிடக்கிறது. தோல் தெரியாது. பூத்தால்தான் தெரியும். எல்லாம் ரோஜா நிறத்தில் பூக்கும், அவளுடையது மட்டும் வேறு நிறத்தில் பூக்கும். அதற்குள் அந்த அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். "என் வியாபாரத்துல மண்ணப் போடாதீங்க" என்று அக்கா மகன் கும்பிடாத குறையாகச் சொன்னான். சித்தி வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறம் மாறிப் பூத்தால் புகார் சொல்லக் கூப்பிடுகிற தொலைபேசி பட்டறையில்தானே இருக்கிறது! மணி அடித்தால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவாள். அக்கா மகனோடு பேச்சு மட்டும் அறுந்துபோனது.

வீட்டில் புருஷன் ஆறுதல் சொல்லப் பார்த்தார். "யாரோ ஒருத்தங்க மேஜைல அழகாப் பூக்கும்ல? பார்த்து ரசிப்பாங்க. விடு."

"ரசிச்சிட்டுக் குப்பைல போடுவாங்க. பொட்டிலயே அப்படித்தான் அடிச்சிருக்கு" என்றாள் சித்தி. அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஒரு மாதம் போனது. ஒரு மத்தியானம், அக்கா மகன் வெளியே போயிருந்தபோது மணி அடித்தது. சித்தி எடுத்தாள்.

"மெழுகுக் கெழங்கு கம்பெனிதானே?" ஒரு பெண் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "என் மேஜைல என்னத்தக் கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

சித்தி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? எல்லார் மேஜைலயும் ரோஸ் கலர்ல பூத்திருக்கு. என்னுது மட்டும்... எப்படிச் சொல்றது... ரெண்டு நாள் வெளிய கெடந்த ஈரல் பார்த்திருக்கீங்களா? அந்தக் கலரு. ஓரத்துல பச்ச வேற."

"ஈரல் கலரா?" என்றாள் சித்தி. விடிகாலை வானம் எங்கே, ஈரல் எங்கே! "நல்லாப் பார்த்தீங்களாம்மா? கொஞ்சம் ஊதாவா இருக்குமே..."

"நீங்க எனக்குக் கலர் சொல்லித் தராதீங்க. கலராவது போகட்டும், அந்த நாத்தம்! டிராயருக்குள்ள எலி செத்துக் கெடக்குன்னு நெனச்சு ரெண்டு நாளா தேடினோம். பீரோவ நகத்தித் தேடினோம். கடைசில பார்த்தா, பூ! பூவுலருந்து வருது! எனக்குப் பக்கத்துல ஒக்கார்றவரு லீவு போட்டுட்டாரு."

"இப்ப எங்கம்மா இருக்கு அது?"

"எங்க இருக்கும்? குப்பைல. காலைலதான் தூக்கிப் போடச் சொன்னேன். பின்ன, தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவேனா?"

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சித்தி தொலைபேசியை வைத்தாள். எதிர்முனையில் அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பாளோ! கையுறையைக் கழற்றாமல், ஏப்ரனை அவிழ்க்காமல், சித்தி பஸ்ஸைப் பிடித்தாள்.

காப்பீட்டு அலுவலகத்தின் முன்பக்கம் கண்ணாடி, பளிங்கு. பின்பக்கம் குப்பைத் தொட்டிகள், ஆளுயரத்தில் நாலு. காவல்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"யம்மா, யாரு நீங்க? எங்க போறீங்க?"

"குப்பைல எங்க பொருள் ஒண்ணு தவறி விழுந்திருச்சு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நகையா?"

"அதுக்கும் மேல."

அவர் உடனே ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

சித்தி மூடியைத் தூக்கினாள். குப்பென்று அடித்தது. யாரோ தின்றுவிட்டு வீசிய சாப்பாடு, நுரை பூத்து, சாறு வடிந்து, ஈக்கூட்டம். நனைந்த தேயிலைச் சக்கை. மூக்குச் சிந்திய காகிதம். சீப்பிலிருந்து உருவிய முடி உருண்டை. முக்கால்வாசி குடித்துவிட்டு மூடாமல் எறிந்த பால் புட்டி ஒன்று கவிழ்ந்து, தயிராகி, முழங்கை வழியாக உள்ளே இறங்கியது. மேலே பளிங்கில் நடக்கிறவர்களின் வயிற்றுக்குள் இவ்வளவு அசிங்கமா! இரண்டு தடவை குமட்டியது. மூன்றாவது தடவை ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்புவரை உள்ளே குனிந்தாள்.

முதல் தொட்டியில் இல்லை. இரண்டாவதில் மெழுகுக் கிழங்குகள் கிடந்தன, ஏழெட்டு. பூத்து முடிந்து தண்டு தொங்கிப்போனவை, எல்லாம் ரோஜா நிறம். கவனிப்பே வேண்டாம் என்று வாங்கியவர்கள் சொன்னபடியே செய்திருந்தார்கள். சித்தி அவற்றைத் தள்ளிவிட்டு மூன்றாவது தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்தவுடனே தெரிந்துவிட்டது. அத்தனை நாற்றத்துக்கும் மேலே, தனியாக, பிடிவாதமாக ஒரு நாற்றம். செத்த எலியும் நனைந்த கோணியும் சேர்ந்த நாற்றம். இப்படி ஒரு வாடையை அவள் ஆயுளில் முகர்ந்ததில்லை, ஆனாலும் தன்னுடையது என்று மூக்குக்குத் தெரிந்தது.

காப்பி வடிகட்டிய சக்கைக்குள் தலைகுப்புறக் கிடந்தது. எடுத்தாள். சிவப்பு மெழுகு, மினுமினுப்பு, ஒரு பக்கம் யாரோ சுவைத்துத் துப்பிய மிட்டாய் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே தண்டு. தண்டைச் சுற்றி அவள் ஆறு வருஷம் காத்திருந்த பூ.

சித்தி பார்த்தாள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கெட்டுப்போன ஈரல்தான். பழுப்பில் ஊதா குழம்பி, ஓரத்தில் பாசிப்பச்சை. இதழ்கள் தடித்துப் பிசுபிசுவென்று இருந்தன. கிட்டே கொண்டுபோனால் தொண்டை வரை வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கை இந்தக் குஞ்சைப் பார்த்திருக்காது. இதையா விடிகாலை வானம் என்று வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னோம்? எதிர்வீட்டுக்காரி சிரிக்க மாட்டாளா? அப்படியே திருப்பி உள்ளே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

"கெடைச்சுதா?" என்றார் காவல்காரர். கிட்டே வந்தார். பார்த்தார். "அட த்தூ! இதுக்கா?"

அந்தத் 'த்தூ' சித்திக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பிள்ளையைத் தான் திட்டலாம், அடுத்தவன் திட்டலாமா? படியில் உட்கார்ந்தாள். கம்பிச் சுருளைப் பிடுங்கினாள். கையுறையைக் கழற்றிப்போட்டு நகத்தால் மெழுகை உரித்தாள். சிவப்புச் செதிலுக்குள்ளே அழுக்கு வெள்ளைத் தோல், லேசாகப் பச்சை. மேலெல்லாம் சுருங்கி, சத்துப் போய், பை மாதிரி தொங்கியது. செத்துக்கொண்டிருக்கிறது. தன் வெட்டைப் பார்க்க மனம் வரவில்லை. முகம் தானாக ஒரு சுவரைத் தேடியது. 'பாருடி' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிழங்கைக் கவிழ்த்தாள்.

சீவின தட்டு. அதில் குறுக்கும் நெடுக்குமாக அவள் போட்ட இரண்டு கீறல். கீறலின் இரண்டு உதட்டிலும் வரிசையாக வெள்ளை வெள்ளையாக என்னவோ. புழுவா? கிட்டே வைத்துப் பார்த்தாள். புழு இல்லை. அரிசிமணி மாதிரி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, கூர் மூக்கோடு குட்டிக் கிழங்குகள்.

தட்டில் காயம் பட்டால் ஹயசிந்த் அந்தக் காயத்தில்தான் குட்டி போடும். விவசாயி வேண்டுமென்றே கீறிவிடுவான் என்று எப்போதோ யாரோ சொன்னது சித்தியின் காதில் விழுந்திருந்தது. எத்தனை ஆயிரம் கிழங்குக்கு அவள் கீறல் போட்டிருப்பாள்! எல்லாம் வண்டி ஏறிப்போயின, குப்பைக்குப் போயின. ஒன்றையும் கவிழ்த்துப் பார்த்தவர் இல்லை. சித்தி குட்டிகளை எண்ண ஆரம்பித்தாள், கண் மறைத்தது, விட்டுவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. கையில் தயிர் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

ஒரு கார் வந்து நின்றது. அக்கா மகன் இறங்கி ஓடிவந்தான். சாயக்காரர் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

"சித்தி! என்ன கோலம் இது? நம்ம பெரிய கஸ்டமர் ஆபீஸ் இது! மேலருந்து ஜன்னல்ல நின்னு பார்க்குறாங்க! என் மானம் போகுது!"

"மானமா? அது எந்தத் தொட்டிலடா கெடக்கு? சொல்லு, தேடித் தர்றேன்."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் கிட்டே வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். முதலில் அவன் கண் போனது குட்டிகள்மேல். வியாபாரியின் கண் அல்லவா?

"இது எல்லாம் குட்டியா சித்தி? ஒரே கெழங்குலயா? ஒலகத்துல எவன்கிட்டயும் இல்லாத வகைன்னு சொன்னீங்களே! இத வளர்த்துப் பெருக்கினா..." என்று குனிந்தான். குனிந்தவன் மூக்கு பூவுக்கு நேராக வந்தது. அவ்வளவுதான். அடிபட்ட மாதிரி பின்னால் துள்ளினான். கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சை! என்ன கருமம் சித்தி இது! இதுக்கா ஆறு வருஷம்?"

"ஆமாடா."

"இத எவன் வாங்குவான்? எவன் மேஜைல வைப்பான்?"

சித்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேட்ட கேள்வி மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. இறங்க இறங்க முகம் மலர்ந்தது.

"எவனும் வாங்க மாட்டான்" என்றாள். இன்னொரு தடவை, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்: "எந்த வெங்காயமும் இத மெழுகுல முக்க மாட்டான்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, கார்க் கதவைத் திறந்துவிட்டான். வளர்த்த கடன் அந்த அளவுக்காவது இருந்தது. இருக்கையில் பழைய செய்தித்தாள் விரித்தான். சித்தி பால் நாற்றமும் தேயிலைச் சக்கையுமாக ஏறி உட்கார்ந்து, கிழங்கை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். தண்டை அவள் ஒடிக்கவில்லை. ஈரல் நிறப் பூ முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்தது. அக்கா மகன் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடி வண்டியை எடுத்தான்.

"நாளைக்கு வேலைக்கு வருவீங்கல்ல?"

"கத்தி பிடிக்க வேற ஆளப் பாரு. ஒன் தொழில நெனச்சாலே எனக்குக் கொமட்டுது."

"இந்தப் பூவ வச்சுக்கிட்டு நீங்க சொல்றீங்க!"

"ஆமா, நான்தான் சொல்றேன்" என்றாள் சித்தி. சொல்லும்போதே அவளுக்கும் ஓங்கரித்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். காற்று சில்லென்று உள்ளே வீசி, கீறலில் வரிசையாக உட்கார்ந்திருந்த குட்டிகள்மேல் பட்டது.

"கண்ணாடிய ஏத்துடா."

"சித்தி, செத்துருவேன்!"

"சாக மாட்ட. ஏத்து. பச்சப் புள்ளைங்களுக்குக் குளிரு ஆகாது."

அவன் நாலு கண்ணாடியையும் ஏற்றினான்.